இடது பக்க விளக்கு

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பழைய காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியின் திருகாணிகளைப் பூங்கோதை கழற்றினாள். போன வாரம் இடது இண்டிகேட்டர் எரியாமல் அவள் திரும்பியபோது, பின்னால் வந்த ஸ்கூட்டர் மோதியது. அதை ஓட்டிவந்த பெண்ணுக்குக் கால் முறிந்தது. “இவ சுவிட்சே போட்டிருக்க மாட்டா” என்று கணவன் இளம்பரிதி கூடிநின்றவர்களிடம் சொன்னான். போட்டது நன்றாக நினைவிருந்தும் அவள் தன்னையே சந்தேகப்பட்டாள்.

மூடி கையோடு வந்ததும் புளித்த நாற்றம் அடித்தது. சுவிட்சைச் சுற்றிலும், மென்ற குட்காவைத் துப்பி மடித்துச் செருகிய பாக்கெட்டுகள். சிவப்புச் சாறு சுவிட்சுக்குள் இறங்கிப் பிசினாகியிருந்தது. கரப்பான் குஞ்சுகள் அவள் விரல்களில் ஏறின. குட்காவை விட்டுவிட்டதாக மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவன் இளம்பரிதி.

“என்னங்க இது?”

கார் பக்கத்தில் நின்றிருந்த அவன் எட்டிப் பார்த்தான். “எப்பவோ போட்டது. தொடைச்சு விட்டுரு.”

“ஒரு பொண்ணோட கால் ஒடஞ்சிருக்கு.”

“அதான் புதுசு மாட்டுறியே.”

எல்லாவற்றையும் வழித்தெடுத்தாள். புதிய சுவிட்சை மாட்டி, பேட்டரி வயரை இணைத்து, இடது இண்டிகேட்டரைப் போட்டாள்.

“எரியுது!” என்று பின்னாலிருந்து கத்திய இளம்பரிதி ஜன்னலருகே வந்து அவள் கன்னத்தைத் தட்டினான். “இனிமே உன்மேல யாரும் குத்தம் சொல்ல முடியாது.”

குழாயடிக்குப் போன பூங்கோதை, கறைபடிந்த கைகளை விட்டுவிட்டு அந்தக் கன்னத்தைத்தான் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.