நாற்பத்தேழாம் நாள்

சிவனேசன் மறுபடியும் சிவப்பாகத் துப்பினார். பக்கத்தில் நின்ற பற்றிக்கும் துப்பினான். இருவரும் வாயைத் துடைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஏதோ பெரிய உண்மை விளங்கிவிட்டதுபோல் "ம்ம்..." என்றார்கள்.

ஆக்லாந்து நகர மையத்தில், ஒரு ஹோட்டலின் பத்தாவது மாடியில், பிற்பகல் மூன்று மணிக்கு இப்படித் துப்பினால் அதற்குப் பெயர் ஒயின் சுவை பார்த்தல். பிரான்சில் ஒரு மலைச்சரிவில் சின்னத் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மொரோ என்ற பெரியவர், தன் சிவப்பு ஒயின்களோடு வந்திருந்தார். நியூசிலாந்து முழுவதற்கும் ஒரே ஒரு ஏஜென்ட்டைத்தான் நியமிப்பார். கடைசிச் சுற்றில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான்.

ஏஜென்சி கிடைக்காவிட்டால் பற்றிக்குக்குக் குடிமுழுகிப் போகாது. துறைமுகத்தைப் பார்த்த உணவகம் ஒன்றில் நல்ல வேலை இருந்தது. சிவனேசன் கதை வேறு. மவுண்ட் ஆல்பர்ட்டில் அவருடைய ஒயின் கடைக்கு நேர் எதிரே சூப்பர்மார்க்கெட் திறந்துவிட்டார்கள். அங்கே கிடைக்காத ஓர் ஒயினாவது தன்னிடம் இல்லாவிட்டால், மார்ச் மாதம் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அதற்காகத்தான் விரதம். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், ஏஜென்சியை வாங்கிக் கொடு என்று வேண்டிக்கொண்டு, நாற்பத்தெட்டு நாள் தரையில் படுக்கை, கறி மீன் கிடையாது, மது கிடையாது. ஒயின் கடைக்காரருக்கு இந்தக் கடைசி அயிட்டத்தில் கொஞ்சம் சிக்கல் இருந்ததால், முருகனோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார். நாக்கில் படலாம், தொண்டையைத் தாண்டக் கூடாது. முருகன் மறுப்பேதும் சொல்லவில்லை.

இன்று நாற்பத்தேழாம் நாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி ஷாமளா. 'மஞ்சள் வேட்டி காயப் போட்டுட்டேன். காலையில நாலு மணிக்கு எழும்பணும் லா.'

சிவனேசன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். அவரை அரித்துக்கொண்டிருந்தது மொரோவின் பார்வை. பெரியவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஒயினுக்குப் பிறகும் அவர்கள் துப்பிய பேப்பர் கப்புக்குள் எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டபடி குட்டி நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்தார்.

"என்னா பற்றிக், பெரியவரு கப்புக்குள்ள என்னா தேடுறாரு?"

"எங்கட முகத்தைவிட அது வடிவா இருக்குது போல, அண்ணை."

சிவனேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெருமூச்சோடு குறித்துக்கொள்கிறார் என்றால் மார்க்கைக் குறைக்கிறார் என்றுதானே அர்த்தம்? வளர்த்தவர் கண் முன்னாலேயே துப்பினால் வயிறு எரியாதா?

கடைசி பாட்டிலை மொரோ இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். தோட்டத்திலேயே பழைய கொடிகளின் ஒயின்.

"எங்க சரிவு ரொம்பச் செங்குத்து. டிராக்டர் ஏறாது. கூடையில பறிச்சு முதுகுல சுமந்துதான் இறக்குவோம். உங்க நாட்டுக்கு வருஷம் ஐந்நூறு பாட்டில்தான் தர முடியும். ஒவ்வொரு பாட்டிலும் எனக்குப் பிள்ளை மாதிரி."

சொல்லி முடித்து ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றி, புதுப் பேப்பர் கப்பும் கொடுத்தார்.

பற்றிக் முகர்ந்தான், வாயில் உருட்டினான், கண்ணை மூடினான். பிறகு பதவிசாகக் கப்பில் துப்பினான்.

"அடப்பாவி! இதையுமா?" என்றார் சிவனேசன் காதோடு.

"கார் கீழ நிக்குது அண்ணை. டிசம்பரில இருந்து குடிச்சிட்டுக் கார் ஓடுறதுக்குப் புதுச் சட்டமெல்லோ? வழியில பொலிஸ் மறிச்சு ஊதச் சொன்னா ஆர் பதில் சொல்றது?"

சிவனேசன் ரயிலில் வந்தவர். துப்பாமல் குடித்துக் காட்டுவதுதான் ஏஜென்சிக்குச் சாவி என்று அவருக்குப் பட்டது. ஒயின் அவர் வாய்க்குள் இருந்தது. மிளகும் மழை நனைத்த கல்லும் நாவல்பழமுமாக, துப்புவதற்காகச் செய்யப்படாத ஒன்று. கப் ஒரு கையில். கடை நினைவில். முருகன் தலைக்கு மேலே.

'முருகா, நாளைக்கு ரெண்டு குடமா எடுக்கிறேன்.'

விழுங்கினார். ஒரு வாய் விழுங்கிய பிறகு மீதி மட்டும் என்ன பாவம் செய்தது? கிளாஸையும் காலி செய்தார். காய்ந்த பேப்பர் கப்பை மொரோவின் முன் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"ஒரு சொட்டு வேஸ்ட் பண்ணலை சார்!"

மொரோ அந்தக் கப்பையே நெடுநேரம் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. சிவனேசனைத் தோளோடு அணைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார். சிவனேசன் மனசுக்குள் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை ஏறிவிட்டது.

பிறகு மொரோ மேசைக்குப் போய், ஒப்பந்தத்தையும் பேனாவையும் எடுத்துப் பற்றிக்கிடம் நீட்டினார்.

"சார்! அவன் துப்புனான் சார்! நான்தானே குடிச்சேன்!"

மொரோ காலி கிளாஸை வாங்கி மெல்ல மேசையில் வைத்தார்.

"போன ஏஜென்ட்டும் இப்படித்தான் ரசிச்சுக் குடிச்சார்... ஐந்நூறு பாட்டிலையும்."