பதினோராம் நம்பர் பை

"இங்க பிளாஸ்டர் டீச்சர்ங்கிறது யாரு?"

கண்டக்டரம்மா டூட்டி முடிந்த கையோடு யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். ஒரு கையில் மகளை இழுத்துக்கொண்டு ஆசிரியர்கள் அறைக்குள் நுழைந்தாள். பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் எட்டும் குரல் அவளுக்கு. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

புவியியல் டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் மூக்குக்கண்ணாடியைத் தானே மிதித்து, உடைந்த காதுக்கம்பியில் வெள்ளை பிளாஸ்டரைச் சுற்றி ரெண்டு மாசம் ஓட்டினார் அல்லவா, அப்போது பிள்ளைகள் வைத்த பெயர் அது. இந்த வாரம்தான் புதுக் கண்ணாடி வந்தது. பெயர் மட்டும் போகவில்லை.

"நான்தான். என்ன வேணும் உங்களுக்கு?"

"என் பொண்ணை நாலு பேர் முன்னாடி என்ன சொன்னீங்களோ, அதை என் முன்னாடி சொல்லுங்க."

நடந்தது இதுதான். டீச்சர் ஒரு வாரமாக உலக மக்கள்தொகை நடத்திக்கொண்டிருந்தார். நன்றாகவே நடத்தினார். போர்டில் அவர் வரைந்த கோடு வெகுதூரம் தரையோடு படுத்துக்கிடந்து, கடைசியில் விறுவிறுவென்று மேலே ஏறியது. காடு போச்சு, தண்ணி போச்சு, காத்தும் போச்சு என்று அவர் சொல்லச்சொல்ல வகுப்பே வாயடைத்து உட்கார்ந்திருந்தது.

பிறகு ஒரு பயிற்சி. ஆளாளுக்கு வீட்டில் மூணு நாளில் சேரும் குப்பையைப் பையில் கட்டிக்கொண்டு வர வேண்டும். நானும் கொண்டுவருவேன் என்றார். வீட்டில் குப்பை கட்டுவது அவர் கணவரின் வேலை. அவரே காலையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். யாரும் தலைகுனியக் கூடாது என்பதால் பைகளில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். அதை ஒட்டியது ஆய்வக உதவியாளர்.

மைதானத்தில் தார்ப்பாய் விரித்து, கைக்கு வந்த பையை ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள். கண்டக்டரம்மாவின் மகளுக்கு வந்தது பதினோராம் நம்பர்.

பார்சல் அட்டைப்பெட்டிகள், தெர்மாகோல், பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள், பிரிக்காமலே காலாவதியான ரொட்டி. வேறு எந்தப் பையும் அதில் பாதிகூட இல்லை. பார்த்ததும் டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. உங்க வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். எட்டுப் பேர் என்றாள் பெண்.

யாருடையது என்று கேட்கக் கூடாது என்ற தன் சட்டத்தைத் தானே மறந்துவிட்டு, "ஜனத்தொகைப் பெருக்கம்னா என்னன்னு போர்டுல வரைஞ்சு காட்டினேன். இதோ நேர்லயே வந்து நிக்குது பாருங்க" என்றார் வகுப்பைப் பார்த்து. வகுப்பு சிரித்தது. வெள்ளிக்கிழமை சுற்றுச்சூழல் விழாவில் பேசப் போகிறோம் என்று ஒரு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தவள் அவள். அந்த இடத்தையும் வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்.

"இனிமே பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன்னு அழுவுறா" என்றாள் கண்டக்டரம்மா. "நான் குடுத்தனுப்பினது இத்துனூண்டு பை. வாங்கினாத்தானே தூக்கிப் போட? எங்க வீட்டுல ஒரு சட்டை நாலு பேரைப் பாக்கும்."

"எட்டுப் பேருக்கு இத்துனூண்டு பையா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"என் பிள்ளைங்களைப் பெத்தவ நான், வளக்குறவ நான். உங்களுக்கு எங்க வலிக்குது?"

"பூமிக்கு வலிக்குதும்மா. பெத்துப் போட்டா மட்டும் போதுமா?"

கண்டக்டரம்மா மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். திருத்திய தாள்கள் நழுவிக் கீழே விழுந்தன. அவற்றை எடுக்க யாரும் குனியவில்லை.

"இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். என்ன ஆதாரம் இருக்கு, அது எங்க பைதான்னு?"

"ஆதாரமா? உங்க பொண்ணு அந்தப் பையைப் பிரிக்கும்போது எதையோ எடுத்து அவசர அவசரமா ஒளிச்சா. என் கண்ணால பாத்தேன். அவ வீட்டுப் பொருளா இல்லேன்னா எதுக்கு ஒளிக்கணும்? கேட்டதுக்கு வாயே திறக்கலை."

கண்டக்டரம்மாவின் கோபமெல்லாம் இப்போது மகள் பக்கம் திரும்பியது.

"என்னடி எடுத்த? உனக்காக நான் இங்க வந்து சண்டை போட்டுட்டு இருக்கேன். சொல்லித் தொலையேன். அது நம்ம பையா?"

"இல்லம்மா."

"அப்ப யாரோடது?"

பெண் டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், கொஞ்சம் வெளில வாங்களேன். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

"அதெல்லாம் முடியாது" என்றார் டீச்சர். "உங்கம்மா எல்லார் முன்னாடியும்தானே என்னைக் கேட்டாங்க? நீயும் எல்லார் முன்னாடியும் சொல்லு. எடு அதை."

பெண் அம்மாவைப் பார்த்தாள். பிறகு புத்தகப் பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிரிக்கவில்லை. டீச்சரேதான் வெடுக்கென்று இழுத்துப் பிரித்தார்.

உள்ளே ஒரு பழைய மூக்குக்கண்ணாடி இருந்தது. காதுக்கம்பியில் வெள்ளை பிளாஸ்டர்.

"பையைப் பிரிச்சதும் மேலேயே கிடந்துச்சு டீச்சர்" என்றாள் பெண், தணிந்த குரலில். "பசங்க பாத்தா உங்களைச் சிரிப்பாங்களேன்னுதான் எடுத்து வெச்சேன்."