தடித்த தங்கூசி

ஸ்ரெல்லா வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று கஜானன் முடிவே கட்டிவிட்டான்.

கஜானன் நெல்லியடிப் பெடியன். வெளிநாட்டுக்காரரைப் படகில் ஏற்றி, கரைக்கடலில் தூண்டில் போட்டு விளையாட வைப்பது அவன் தொழில். அந்தத் தூண்டில்களைக் கட்டிக் கொடுப்பவள் குருநகர் ஸ்ரெல்லா. தூண்டில் முள்ளில் கோழியிறகும் மினுங்கும் நூலும் சுற்றினாள் என்றால், தாய் இறாலே தன் குஞ்சென்று ஏமாந்துவிடும். நல்ல கைதான், அதை அவனும் மறுக்கவில்லை.

வில்லங்கம் முள்ளின் கூருக்கு முன்னால் அவள் வளைத்துக் கட்டும் தங்கூசியில் இருந்தது. சாதாளைப் பாசியிலும் கல்லிலும் முள் மாட்டாமலிருக்க மெல்லிய நைலோன் தங்கூசி இழை போதும். இவளோ கொஞ்ச நாளாகத் தடித்ததை எடுத்து விறைப்பாகக் கட்டுகிறாள். கல்லில் மாட்டுவதில்லை, சரி. மீனிலும் மாட்டுவதில்லையே. நேற்று வந்த வெள்ளைக்காரன் வெறுங்கையோடு இறங்கி, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனான்.

வழக்கமாக அவள் கட்டிய தூண்டில் பொதி பஸ்ஸில் வந்துவிடும். இன்றைக்குக் கஜானன் நேரே குருநகருக்குப் புறப்பட்டு வந்தான்.

வந்தவன் கண்டது, ஸ்ரெல்லா வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு வலைக்காரர் அடைக்கலநாதனுக்கு மீன்சொதி நீட்டிக்கொண்டு நின்றதை. கஜானனின் படகைக் கண்டாலே தூஷணத்தில் தொடங்குகிற மனிசன் அவர். இனி விளங்க என்ன இருக்கிறது?

அவர் உள்ளே போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, உவர் சொல்லித்தானே உப்பிடிக் கட்டுறியள்? என்ரை தொழிலைப் படுக்க வைக்க."

"நான் என்ன கட்டுறன் எண்டே உவருக்குத் தெரியாது, தம்பி. காதுத் தோட்டுக்கு இறகு கட்டுறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

அப்படியானால் மெல்லிசாகக் கட்டித் தாருங்கள், இல்லாவிட்டால் கொழும்பில் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றான். அந்த வேலை போனால் ஸ்ரெல்லா வீட்டில் அடுப்பு எரியாது. தெரிந்துதான் சொன்னான்.

"வேறை ஆளைப் பாருங்கோ. மெல்லிசாக் கட்டமாட்டன்."

இப்படி ஒரு பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. ஏனென்று கேட்டான்.

சொன்னாள். மெல்லிசு என்றால் கல்லில் மாட்டும். மாட்டினால் வெள்ளைக்காரன் அறுத்துவிட்டுப் போய்விடுவான். முள் நிமிர்ந்தபடி கிடக்கும். விடிய வலை பார்க்க இறங்குகிறவர்கள் செருப்பா போடுகிறார்கள்? போட்டால் சேறு விழுங்கிவிடும். வெறுங்காலால் தடவித்தான் நடப்பார்கள். அடைக்கலநாதனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவால் கால் விறைத்துப்போன மனிசன். முள் ஏறியதே தெரியவில்லை. வீங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

கஜானனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த பொதியை மறுபடி பைக்குள் வைத்தான்.

"உப்பிடியே கட்டுங்கோ அக்கா. வெள்ளைக்காரருக்கு நான் சொல்லிச் சமாளிக்கிறன்."

போகப் புறப்பட்டவனுக்கு மனம் கேட்கவில்லை.

"பக்கத்து வீட்டு மனிசனுக்காக ஆர் உப்பிடிப் பாப்பினம்? உங்களுக்கு நல்ல மனம் அக்கா."

ஸ்ரெல்லா வேலிப்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரும் உப்பிடித்தான், எனக்கு நல்ல மனமெண்டு கோயிலிலை எல்லாருக்கும் சொல்லித் திரியிறார். காலிலை இருந்து எடுத்த முள்ளை எனக்குக் கொண்டுவந்து காட்டினவர், தம்பி. அதிலை சுத்தியிருந்த நூல் என்ரை கையாலை கட்டினது."