சத்தியம் பண்ணின மோதிரம்

"மோதிரத்தைக் கழட்டினா மைதானத்துக்கு வாங்க. இல்லேன்னா பெஞ்சுல உட்காருங்க" என்றார் நடுவர்.

பெண்கள் ரக்பி இறுதி ஆட்டம் தொடங்க இன்னும் ஐந்தே நிமிடம். வர வேண்டிய நடுவருக்குத் திடீர்க் காய்ச்சல் என்று, வேறொரு ஆட்டத்திலிருந்து அவசரமாக இழுத்து வந்த ஆள் இவர். வந்ததும் வராததுமாக அணி உடை மாற்றும் அறை வாசலில் நின்றுகொண்டு, ஒவ்வொருத்தியின் பூட்ஸ் அடிக் குமிழையும் உள்ளங்கையால் தடவி, தோள் மெத்தையை அழுத்தி, நகத்தைக்கூட விடாமல் சோதித்துவிட்டார். பெண் பார்க்க வந்த வீட்டில்கூட இத்தனை நோட்டம் விடமாட்டார்கள்.

எல்லோரும் தேறிவிட்டார்கள், பல் டாக்டரைத் தவிர. பதினைந்து வாய்க்கும் அச்செடுத்துப் பல்காப்பு செய்து கொடுத்தவளே அவள்தான். முன்வரிசையில் முட்டித் தள்ள அவளை விட்டால் அணிக்கு நாதியில்லை. ஒரு இறுதி ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்று ஏழு வருடமாக மண்ணில் புரண்டவள், இப்போது விரலை மடக்கிக்கொண்டு நின்றாள்.

"கழட்ட மாட்டேன் சார். போன மாசம் பயிற்சிக்குன்னு கழட்டி வெச்சுதான் கல்யாண மோதிரம் தொலைஞ்சுது. வீட்டுக்காரர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தார். அப்புறம் புதுசு வாங்கிப் போட்டுவிட்டு, என்ன ஆனாலும் இதைக் கழட்டக் கூடாதுன்னு அவர் தலை மேல கை வெச்சு சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணிட்டேன்."

"உங்க வீட்டு விவகாரம் எனக்கு எதுக்கும்மா? ஜெர்சியில மாட்டிச்சுன்னா விரலே பிஞ்சு வந்துடும். சட்டம் சட்டம்தான்."

கேப்டனுக்குப் பொறுக்கவில்லை. "அடியே, அந்த மகராசனுக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டுத் தொலையேன். கல்யாணத்துக்கும் எங்களைக் கூப்பிடலை, ஒரு மேட்சுக்கும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. சத்தியம் வாங்க மட்டும் தெரியுதாக்கும்?"

"சனிக்கிழமையானா அவருக்கு வேலைடி. போனை எடுக்க மாட்டார். அவர் மட்டும் வேலைக்குப் போறப்ப மோதிரத்தைக் கழட்டிப் பர்ஸ்ல போட்டுக்குவார். சத்தியமெல்லாம் எனக்குத்தான்."

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரணி மைதானத்தில் இறங்கிவிட்டது. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"இப்ப முடிவா என்னதான் சொல்றீங்க?"

"வாங்கினவர் வாயால வேண்டாம்னு சொல்லட்டும், இந்த நிமிஷமே கழட்டிடறேன்" என்றாள் பல் டாக்டர், தலைக்காப்பின் வாரை நிதானமாக இறுக்கியபடி.

கேப்டன் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தாள். நடுவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"போட்டுவிட்டவனே கெஞ்சுறேன்டி, கழட்டித் தொலை."