பலகைக்குப் பின்னால்

இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் கிளென்னின் ஃபிளாட்டை வாங்க வந்த மூன்றாவது ஆளுக்கும் பேங்க் கடன் தர மறுத்துவிட்டது; வெளிச்சுவர் தீப்பிடிக்காது என்று சர்வேயர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டுமாம். அவன் மனைவி டோனாவுக்கு இது எட்டாம் மாதம். இருப்பதோ ஒற்றை அறை.

"தப்புன்னு நீங்க சொல்லலியே சார், அப்புறம் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?" கிளென் சர்வேயரிடம் கேட்டான்.

"தப்பில்லன்னும் சொல்ல முடியாதே," என்றார் சர்வேயர். "வெளிச்சுவர்ப் பலகைக்குப் பின்னால தீப்பிடிக்கிற சரக்கு இருக்கான்னு தெரியணும். கட்டின கம்பெனியைக் கேளுங்க."

"அதை இழுத்து மூடி ஆறு வருஷமாச்சு."

"பலகை மாட்டின ஆளுங்க யாராவது?"

டோனா கிளென் பக்கம் திரும்பினாள். "வாயைத் திறந்து சொல்லேன்யா. பதினாலு மாடிக்கும் மாட்டினது நீதானே?"

"மாட்டினேன். உள்ள என்னன்னும் கேட்டேன். 'ஸ்க்ரூ முடுக்கத்தான் உனக்குக் கூலி'ன்னுட்டான் மேஸ்திரி."