ஏழு ரொட்டி

"நூத்தி நாலு! போன மாசம் நூறுதானே அண்ணே இருந்தீங்க?"

எடைமுள்ளைப் பார்த்த நர்ஸ் சினார் தலையில் அடித்துக்கொண்டாள். எசென்குலை அதட்ட அவளுக்கு உரிமை உண்டு. நாரின் நகரத்தில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு.

மனைவி அல்மாகான் இறந்துபோன மறுவாரமே, நாற்பது வருஷமாக ஊதிய சிகரெட்டை மனுஷன் விட்டுவிட்டார். ஊரே மெச்சியது. ஆறே மாதத்தில் பதினாலு கிலோ ஏறியதும், அதே ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது.

"புகையை விட்டா வாய் சும்மா இருக்காதுதான். அதுக்காக இப்படியா? இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னார்ல?"

"சொன்னார்மா."

"பசிச்சா கேரட்டைக் கடிங்கன்னேனே, கடிச்சீங்களா?"

"கடிச்சேன்."

"பொய்! வெள்ளிக்கிழமையானா உங்க வீட்டு எண்ணெய் வாடை படிக்கட்டு வரைக்கும் தூக்குது. எனக்கு வேற ஒரு தட்டு நீட்டறீங்க. நானும் வாங்கினா உங்களுக்குக் குளிர்விட்டுப் போயிடும்னுதான் கதவைச் சாத்தறேன். எத்தனை ரொட்டி பொரிச்சீங்க?"

எசென்குல் காலணி மாட்டக் குனிந்தார். தொப்பை இடித்தது. கை எட்டவில்லை.

"ஏழு."

"யார் தின்னது?"

"நான்தான்."

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சினாருக்குச் சிரிப்பு வரவில்லை. இறந்தவர்களுக்காக வெள்ளிக்கிழமை பொரிப்பதும் ஏழு ரொட்டிதான். அந்த எண்ணெய் வாசனை பிடித்து ஆவிகள் வீடு தேடி வரும் என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் அது பெண்கள் செய்கிற காரியமாயிற்றே! பெண்ணில்லாத வீட்டில் அதெல்லாம் நடக்கும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

"அண்ணே... அண்ணிக்கா?"

அவர் தலையாட்டினார். "ஆம்பளை மாவு பிசையறான்னு சிரிப்பாங்க. அதான் சொல்லலை."

"அப்ப சிகரெட்டை விட்டது?"

"அவளுக்கு அந்த வாடையே ஆகாது. நான் பத்தவச்சா பால்கனிக்கு ஓடிடுவா. எண்ணெய் வாசனை பிடிச்சு வர்றவ, புகை நாத்தத்துல வாசலோட திரும்பிட்டா நான் என்ன பண்றது?"

சினார் அவர் பக்கம் குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரி, அக்கம்பக்கத்துல குடுக்கற ரொட்டியாச்சே அது! ஏழையும் நீங்களேவா தின்னு தீர்க்கணும்?"

"குடுக்கத்தான் வாராவாரம் தட்டைத் தூக்கிக்கிட்டு நாலு கதவு தட்டறேன். எல்லாரும் உன்னை மாதிரிதான், என் நல்லதுக்குன்னு சாத்திடறாங்க. வீட்டுக்கு வந்து ஒத்தையா உக்காந்துக்குவேன். அவ பேர்ல பொரிச்சதைக் குப்பையில கொட்ட மனசு வருமா?"

ஒரு வழியாகக் காலணிக்குள் கால் நுழைந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

"நீங்கள்லாம் வேணாம்னு திருப்பி அனுப்பினதைத்தாம்மா நான் தின்னேன்."