மடியில் விழுந்த சக்கரவர்த்தி

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மொட்டைத்தலையன் தன்னையே முறைத்துக்கொண்டிருந்தது விபியஸுக்கு அருவருப்பாக இருந்தது. ஓஸ்தியாத் துறைமுகத்துப் பொதுக் கழிப்பறையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது வழக்கம்தான். முறைப்பது வழக்கமில்லை.

“அவன் காட்டிக்கொடுக்கிறவன், தம்பி. கண்டுக்காதீங்க” என்று பக்கத்து இருக்கை கோர்டஸ் காதோடு சொன்னார். எண்ணெய்த் தரகர் என்று சொல்லிக்கொண்டார். விபியஸ் வருவதற்கு முன்பே வந்து, இன்னும் அங்கியைக்கூடத் தூக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.

அங்கிருந்த நாற்றத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், இந்தச் சட்டத்தைப் பொறுக்க முடியாது. சக்கரவர்த்தியின் முகம் பொறித்த காசோடு கழிப்பறைக்குள் வந்தால் அவரை அவமதித்த குற்றம், தலை போய்விடும். காட்டிக்கொடுத்தவனுக்குச் சொத்தில் பங்கு. மீன் வாங்குகிற காசிலெல்லாம் தன் மூஞ்சியைப் பதித்துவிட்டு, அதை எங்கே கொண்டுபோகக் கூடாது என்று அவரே சட்டமும் போடுகிறார். இதெல்லாம் ஒரு ஆட்சியா என்று மனதுக்குள் காறித் துப்பிவிட்டு, பணப்பையை வாசலில் காவல்காரனிடம் கொடுத்துவிட்டுத்தான் விபியஸ் உள்ளே வந்திருந்தான்.

இடுப்புக் கச்சையைச் சரிசெய்தபோது, மடிப்பில் எப்போதோ சிக்கியிருந்த வெள்ளிக்காசு ஒன்று மடியில் விழுந்தது. சக்கரவர்த்தி மல்லாந்து கிடந்து அவனைப் பார்த்தார்.

மொட்டைத்தலையன் எழுந்து வெளியே ஓடினான்.

விபியஸ் காசைக் கையால் மூடினான். குழிக்குள் போட்டால் அதைவிடப் பெரிய குற்றம். “அண்ணே, இங்க கிடந்துச்சு, யாரோ போட்டதுன்னு சொல்லிடவா?”

“சொன்னா விட்டாலும் விடுவாங்க. ஆனா எதுக்கு வம்பு? பேசாம முழுங்கிடுங்க.”

அந்த இடத்தில், அந்தக் கையால், அந்த முகத்தை வாயில் போட்டு விழுங்கினான். குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்தது. கண்ணில் நீர் முட்ட அடக்கிக்கொண்டான்.

மொட்டைத்தலையன் இரண்டு படைவீரர்களோடு திரும்பி வந்தான். அங்கியை உதறினார்கள், கச்சையைப் பிரித்தார்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்ததுபோல் விபியஸ் கோர்டஸை நன்றியோடு பார்த்தான்.

வீரர்களும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், உத்தரவுக்காக.

கோர்டஸ் நிதானமாக எழுந்து அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“தம்பியை நாளைக் காலை வரைக்கும் இங்கயே உக்கார வைங்க.”